துண்டு விழுந்த 5,290 ரூபாய்

டீ வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் தம்பியின் போன் நான்கு முறை அடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்த்தார், திரையைக் கவிழ்த்து வைத்தார். ஐந்தாவது முறை அடித்தபோது அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

"அவங்களையும் வந்து உட்காரச் சொல்லுங்க தம்பி. இது ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டிய கணக்கு" என்றேன்.

தம்பி என்று நான் கூப்பிடுகிற இவர் மதுரையில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். சின்னதாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். மனைவி வீட்டிலேயே தையல். நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் என்னைத் தேடி வந்தார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். இதே நிலையில் இருக்கிற இன்னொரு வீட்டுக்கு உதவும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள் என்று இருவரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். கார்டு ஸ்டேட்மென்ட், வங்கி நோட்டீஸ், குழுக் கடன் அட்டை, தண்டல் சீட்டு எல்லாம் கலந்து கிடந்தன. பாதி உறைகள் பிரிக்கப்படவே இல்லை. பிரித்தால் என்ன தொகை இருக்குமோ என்ற பயம். கடனில் இருக்கிறவர்கள் வீட்டில் நான் அதிகம் பார்த்த காட்சி இது. அதனால் முதல் வேலையாக எல்லா உறைகளையும் பிரித்தோம். அந்த அரை மணி நேரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் தெரியாத தொகையைவிடப் பயமுறுத்தும் தொகை எதுவும் கிடையாது.

மொத்தம் ஐந்து கடன். வங்கியில் பெர்சனல் லோன், பாக்கி 1,60,000. மாதத் தவணை 6,200. கிரெடிட் கார்டில் 80,000. மாதம் குறைந்தபட்சம் 4,000. மனைவி பெயரில் குழுக் கடன் 30,000. மாதம் 1,590, இன்னும் 24 தவணை. தண்டல், நாளைக்கு 100 ரூபாய், இன்னும் 40 நாள் பாக்கி. மச்சானிடம் வாங்கிய கைமாற்று 50,000. அதற்கு வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை.

"ஒவ்வொருத்தரும் எவ்வளவு கேட்கிறாங்கன்னு கூட்டிப் பார்க்கலாமாண்ணே?" என்றார்.

"அது ரெண்டாவது பக்கம். முதல் பக்கத்துல கடனே வராது. வீடு மட்டும்தான்."

திட்டம் பிழைப்பதும் சாவதும் இந்த இடத்தில்தான். பெரும்பாலானவர்கள் கடன்காரர் கேட்கும் தொகையில் தொடங்கி, மிச்சத்தில் சோறு தின்னப் பார்க்கிறார்கள். இரண்டு மாதம் ஓடும். மூன்றாவது மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடியும் கார்டைத் தேய்ப்பார்கள், அல்லது புதிதாக ஒரு தண்டல் எடுப்பார்கள். வீட்டுச் செலவில் தொடங்கினால்தான் நாம் சொல்லும் தொகையைக் காப்பாற்ற முடியும்.

எழுதினோம். அவருக்குச் சராசரியாக 22,000, மனைவிக்கு 9,000, ஆக 31,000. வாடகை 6,500. மளிகை, பால், காய்கறி 7,800. கரண்டும் கேஸும் 1,400. பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் 2,000. பெட்ரோல், பஸ் 2,000. அம்மாவின் சர்க்கரை மாத்திரை 1,200. போன் 600. கூட்டினால் 21,500. கையில் நிற்பது 9,500.

மாத்திரைச் செலவை அவர் முதலில் 600 என்றுதான் சொன்னார். மனைவிதான் திருத்தினார்: "போன மாசம் பாதி மாத்திரைதானே வாங்கினோம்." அதை எழுதும்போது அவர் தலையைத் தூக்கவில்லை. கடன் கட்டுவதற்காக மாத்திரையைப் பாதியாக்குகிற வீடு நம் ஊரில் இது ஒன்றுதானா? அந்த வரியில் 1,200 என்றே எழுதச் சொன்னேன்.

இரண்டாவது பக்கத்தில் கடன்காரர்கள் கேட்பதைக் கூட்டினோம். 6,200, 4,000, 1,590, தண்டலுக்கு மாதம் 3,000. மொத்தம் 14,790. இருப்பது 9,500. மாதம் 5,290 ரூபாய் துண்டு விழுகிறது. ஏழெட்டு மாதமாக இந்தத் துண்டைக் கார்டில் பணமாக எடுத்து அடைத்துவந்திருக்கிறார். கார்டில் பொருள் வாங்கினால் வட்டியில்லாத சில வாரங்கள் கிடைக்கும். பணமாக எடுத்தால் அந்தச் சலுகை இல்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

அடுத்து எல்லாக் கடனையும் நம் ஊர் வட்டிக் கணக்குக்கு மாற்றினேன். நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று சொன்னால்தான் நமக்கு உறைக்கிறது. வங்கிக் கடன் ஆண்டுக்கு 15 சதவீதம். அது ஒன்றேகால் வட்டி. குழுக் கடன் 24 சதவீதம், இரண்டு வட்டி. கார்டு மாதத்துக்கு 3.5 சதவீதம், அதாவது மூன்றரை வட்டி. "மூணு வட்டின்னா எங்கப்பா வாசப்படி ஏறமாட்டாருண்ணே" என்றார் தம்பி. அந்த மூன்றரை வட்டி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. தண்டலில் 10,000 எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளைக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிக்கிறார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருக்கும் பணம் அதில் பாதியளவுதான். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆறரை வட்டிக்கு மேல்.

கார்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 80,000-க்கு மூன்றரை சதவீதம் என்றால் மாத வட்டி 2,800. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 504. ஆக 3,304. தம்பி சிரமப்பட்டுக் கட்டிய 4,000-இல் அசலுக்குப் போனது 696 ரூபாய். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கை ஸ்டேட்மென்டிலேயே அச்சாகியிருக்கும். எழுத்து பொடியாக இருக்கிறது. நான் விரலை வைத்துக் காட்டினேன். இதே 80,000-ஐ 16 சதவீதத்தில் 24 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 3,917, அதோடு வட்டிப் பகுதிக்குக் கொஞ்சம் ஜிஎஸ்டி. ஏறக்குறைய அதே பணம்தான். இரண்டு வருடத்தில் கடன் முடிந்துவிடும். பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும் வசதி பெரும்பாலான கார்டு நிறுவனங்களிடம் உண்டு, நாமாகக் கேட்க வேண்டும். வட்டி விகிதமும் செயல்முறைக் கட்டணமும் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

நம் வீட்டுக்கு 3,917 அதிகம். 36 மாதமாகக் கேட்டால் 2,813. அதைத்தான் எழுதிக்கொண்டோம். கார்டை அன்றைக்கே கத்தரிக்கோலால் வெட்டினோம். வெட்டியது அவர் மனைவி.

மனைவியின் கழுத்துச் சங்கிலியை வங்கியில் வைத்துக் கார்டை மொத்தமாக அடைத்துவிடலாமா என்ற பேச்சும் வந்தது. கணக்குப்படி அது சரியான வழி. வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கு உள்ளேயே கிடைக்கும், மூன்றரையை ஒழித்துவிடலாம். ஆனால் கெடு தவறினால் ஏலம். அந்தச் சங்கிலி அவர் அம்மா போட்டது. அவர் தயங்கினார், நான் வற்புறுத்தவில்லை. நகையை வைப்பதா வேண்டாமா என்பதைக் கழுத்தில் போட்டிருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

தண்டலுக்கு வேறு வழி கண்டோம். கடை ஓரத்தில் ஒரு பழைய எக்செல் வண்டி சும்மா கிடந்தது. 8,000-க்கு விற்று 4,000-ஐத் தண்டல்காரரிடம் ஒரே தடவையாகக் கொடுத்து, சீட்டில் முடிந்தது என்று கையெழுத்து வாங்கினார். மிச்சம் 4,000-ஐ ஆபத்துக்கு என்று தனிக் கணக்கில் போட்டார். இனி மாதம் 1,000 அதில் சேரும். 9,500-இல் அதைக் கழித்தால் கடனுக்கு 8,500. இந்த எண்ணை நோட்டில் பெரிதாக எழுதி வட்டம் போட்டோம்.

இனி வங்கி. பெர்சனல் லோன் தவணை தவறி அன்றைக்கு 47 நாள் ஆகியிருந்தது. நாள் கணக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். தவணை தவறிய கணக்கை வங்கி 30, 60, 90 நாள் என்று படிப்படியாகக் கவனிக்கும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்குள் போனால் நம் முகம் தெரிந்த மேலாளரிடம் பேசலாம். தாண்டினால் கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடும்; கிளையில் இருப்பவர் நினைத்தாலும் செய்ய முடிவது குறைந்துவிடும். போனைக் கவிழ்த்து வைக்கும் ஒவ்வொரு நாளும் இந்த 90-இல் ஒன்று கழிகிறது.

1,60,000-ஐ 60 மாதமாக நீட்டினால் தவணை 3,806 ஆகும். இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொன்னேன். பழைய தவணையிலேயே கட்டினால் இன்னும் 31 மாதம் சொச்சத்தில் முடியும். 60 மாதமாக்கினால் வட்டி மட்டும் சுமார் 34,000 ரூபாய் கூடுதல். மறுசீரமைக்கப்பட்ட கடன் என்று சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகி மதிப்பெண்ணும் குறையலாம். ஆனால் கட்ட முடியாத 6,200-ஐவிடக் கட்ட முடிகிற 3,806 மேல். பின்னால் வருமானம் கூடினால் முன்கூட்டியே அடைக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வங்கி இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கஷ்டத்தில் இருப்பவரின் கடனை மறுசீரமைத்தால் பொதுவாக அதை வங்கி தன் கணக்கில் தரம் குறைத்துக் காட்ட வேண்டிவரும். மேலாளர்கள் தயங்குவது பெரும்பாலும் இதனால்தான், நம்மேல் கோபத்தினால் அல்ல. இது தெரிந்துகொண்டு போனால் அவரோடு சண்டை போடாமல் பேசலாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தம்பி எழுதியது இப்படி:

"என் கடன் கணக்கில் இரண்டு தவணைகள் நிலுவையில் உள்ளன. கடை வருமானம் குறைந்ததே காரணம். கடனைத் திருப்பிச் செலுத்த நான் முழு மனதோடு இருக்கிறேன். குடும்ப வரவு செலவுக் கணக்கும், மற்றக் கடன்களின் பட்டியலும் இணைத்துள்ளேன். இவற்றின்படி மாதம் 3,806 ரூபாய் என்னால் தவறாமல் செலுத்த முடியும். தவணைக் காலத்தை 60 மாதமாக நீட்டித்து, தவணைத் தேதியை ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

தேதியை மாற்றக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கடையில் பணம் கைக்கு வருவது ஏழெட்டாம் தேதிக்கு மேல். தானாகக் கழியும் தவணை 5-ஆம் தேதி வந்து, கணக்கில் பணமில்லாமல் திரும்பிப் போகும். ஒவ்வொரு திரும்பலுக்கும் அபராதக் கட்டணம். ஐந்து நாள் தள்ளி வைத்தாலே அந்தச் செலவு நின்றுவிடும். கடிதம் இரண்டு பிரதி; ஒன்றில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வரவேண்டும். மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும்.

போய்விட்டு வந்தவர் முகம் தெளிந்திருந்தது. "48 மாசம் தர்றாங்களாம்ணே. மாசம் 4,453. சரின்னு சொல்லிட்டு வந்துரட்டுமா?"

நோட்டைத் திருப்பினோம். வங்கி 4,453, கார்டு 2,813, அதன் ஜிஎஸ்டி தொடக்கத்தில் சுமார் 192, குழு 1,590. கூட்டினால் 9,048. வட்டம் போட்ட எண் 8,500. மாதம் 548 ரூபாய் அதிகம்.

"548 தானேண்ணே, எப்படியாச்சும் புரட்டிருவேன்."

இந்த "எப்படியாச்சும்" என்ற சொல்தான் அவரை இந்தப் பாய்க்குக் கொண்டுவந்திருக்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு இரண்டாவது முறை தவறினால் வங்கி நம் பேச்சை நம்பாது. நியாயம்தான். அதனால் தலையாட்டாமல் திரும்பப் போய், அதே கணக்குத் தாளைக் காட்டி, 548 எங்கே இடிக்கிறது என்று சொல்லச் சொன்னேன். போனார். பத்து நாள் கழித்து 60 மாதத்துக்கு அனுமதி வந்தது. எல்லாருக்கும் இப்படி வரும் என்று சொல்ல மாட்டேன். வராதவர்களுக்கும் வழி இருக்கிறது, அதற்கு வருகிறேன். மொத்தம் இப்போது 8,401.

அந்தப் பத்து நாளில் வசூல் முகவர்கள் போன் நிற்கவில்லை. எடுத்துப் பேசச் சொன்னேன். மூன்றே வாக்கியம்: "இந்தத் தேதியில் கடிதம் கொடுத்திருக்கிறேன். முத்திரை இருக்கிறது. பதில் வந்ததும் கட்டுவேன்." ரிசர்வ் வங்கியின் விதிப்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டுக் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது. சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் நேரம், எண், பேசியது மூன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் இணையத்திலோ தபாலிலோ அனுப்பலாம்.

"ஜெயில்ல போட்ருவோம்ங்கிறாங்கண்ணே" என்றார் ஒருநாள். இந்தப் பயம் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கடன் வாங்கிக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். ஆனால் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் 138-ஆவது பிரிவில் வழக்கு வரலாம். அதிலும் முதலில் நோட்டீஸ் வரும், வந்த பிறகு கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அந்த நோட்டீஸை மட்டும் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை வட்டிக்காரர் யாரிடமும் கொடுக்காதீர்கள். தனியார் வட்டிக்காரர் அநியாய வட்டி கேட்டு நெருக்கினால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 வரை அபராதம்.

வங்கி நீட்டிப்புத் தர மறுத்தால் அடுத்த வழி லோக் அதாலத், மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடும் முன்பே கூடத் தகராறை அங்கே கொண்டுபோகலாம். கட்டணமில்லை. அங்கே எழுதப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. அப்பீல் இல்லை என்பதால்தான் அங்கேயும் வட்டம் போட்ட எண்ணைத் தாண்டித் தலையாட்டக் கூடாது என்கிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தால் அடுத்த அமர்வு எப்போது என்று சொல்வார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஒரே தொகையாகக் குறைத்துக் கட்டி முடிக்கும் தீர்வு பற்றியும் கேட்பார்கள். கையில் மொத்தப் பணம் இருக்கிறவர்களுக்கு அது பயன்படும். ஆனால் "செட்டில்டு" என்று பதிவாகும். முழுதாக அடைத்ததாக ஆகாது, அடுத்த கடன் கேட்கும் இடத்தில் அந்த ஒரு சொல் பல வருடம் இடிக்கும். தம்பியிடம் மொத்தப் பணமும் இல்லை, அந்தத் தேவையும் இல்லை. கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், மாதா மாதம் எங்களுக்குக் கட்டணம் கட்டுங்கள், வங்கிக்குத் தவணை கட்டுவதை நிறுத்துங்கள் என்று சொல்லும் நிறுவனங்கள் இப்போது நிறைய. தவணையை நிறுத்தினால் 90 நாள் தானாகத் தாண்டும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. நீங்களே எழுதக்கூடிய ஒரு பக்கக் கடிதத்துக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா என்றும் அவர் ஒரு வார்த்தை கேட்டார். திவால் மனு. 1909, 1920-ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்கள்தான் சாமானியர்களுக்கு இன்னும் வழி. சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போகும், வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். 31,000 வருமானம் வருகிற வீடு, 8,401-இல் கடனைச் சமாளிக்கிற வீடு, அந்தப் படி ஏற வேண்டியதில்லை.

நான்காவது மாதம் பள்ளியில் திடீரென்று 2,500 கேட்டார்கள். ஆபத்துக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினார்கள், தவணை தவறவில்லை. மனைவி நோட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்.

ஒரு கடன் முடியும் ஒவ்வொரு தடவையும் கடன் முடிந்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த 30 நாள் கழித்துக் கடன் தகவல் அறிக்கையில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்து, திருத்தச் சொல்லியும் 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மச்சானின் 50,000 மட்டும் இரண்டாவது பக்கத்தில் கடைசி வரியாக, எதிரில் எண் இல்லாமல் நின்றது. வட்டி கேட்காதவர், போன் அடிக்காதவர், நோட்டீஸ் அனுப்பாதவர். கேட்காத கடன் என்பதால் தம்பி ஒன்றரை வருடமாக மனைவியின் பிறந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. தீபாவளிக்கும் போகவில்லை.

"அவருக்கும் ஒரு கடிதம் எழுதணுமாண்ணே?"

"கடிதம் வேண்டாம். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்க."

குழுக் கடன் அந்த 24 தவணையோடு முடிகிறது. அப்போது மாதம் 1,590 கையில் நிற்கும். அதை அப்படியே மச்சானுக்குத் திருப்பிவிட்டால் 32 மாதத்தில் அவர் கடனும் முடியும். தம்பி அந்தத் தொடக்க மாதத்தைக் கடைசி வரிக்கு எதிரில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நோட்டை அதே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினார்கள்.